கத்தரிப்பூச் சாம்பல் அடிக்க முதல்: யாழ்ப்பாண வீடுகளில் நடக்கிற தவறுகள்

கனடாவில் இருக்கும் மச்சாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அவருடைய படுக்கையறை. சுவர் ஊதாவும் இல்லை, சாம்பலும் இல்லை. கத்தரிப்பூவைச் சாம்பலில் தோய்த்து எடுத்ததுபோல் ஒரு நிறம். பார்த்தவுடன் பிடித்துவிட்டது. படத்தைக் கடையில் காட்டி, கலக்கி வாங்கி, கொக்குவிலில் எங்கள் முன்னறைக்கு அடித்தோம். அன்று பின்னேரம் வந்த அம்மா வாசலில் நின்றபடியே, "என்ன, இன்னும் பெயின்ற் அடிக்கேல்லையோ?" என்று கேட்டார். பூசிவிட்ட சீமெந்து அப்படியே கிடக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

முதல் தவறு அந்தப் படம்தான். போன் கமரா வெளிச்சத்தைத் தானே திருத்திவிடும். பார்க்கும் திரைக்கும் ஒரு சாயல் உண்டு. மஞ்சள், நீலம் என்றால் அது பெரிதாகத் தெரியாது. இந்த நிறத்தில் ஊதா இருப்பதே ஒரு துளி. கொஞ்சம் அசைந்தாலும் ஒரு பக்கம் சீமெந்து, மறுபக்கம் ரோஸ். கடையில் தரும் சின்ன நிற அட்டையையும் நம்ப முடியாது. ஒரு லீற்றர் மட்டும் கலக்கி வாங்கி, பெரிய மட்டை ஒன்றில் இரண்டு தரம் அடித்துக் காயவிடுங்கள். ஈரத்தில் வெளிறித் தெரிவது காய்ந்தபின் ஒரு படி கறுக்கும். அந்த மட்டையைச் சுவர் சுவராக நகர்த்தி, காலை, மத்தியானம், பின்னேரம், லைற் போட்ட பிறகு என்று பார்க்க வேண்டும். பழைய பச்சைச் சுவரில் நேரே ஒரு துண்டு அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சுற்றியுள்ள பச்சை அதை இல்லாத ரோஸாகக் காட்டிவிடும்.

அடுத்தது, வெளிநாட்டு ஆலோசனையை அப்படியே எடுப்பது. "வடக்குப் பார்த்த அறையில் வெயில் வராது, ஊதாச் சாம்பல் அங்கே குளிராகத் தெரியும்" என்று எழுதியிருப்பார்கள். லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அது சரி. யாழ்ப்பாணம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 10 பாகைக்கும் குறைந்த வடக்கில். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி மத்தியானச் சூரியன் நேரே உச்சிக்கு வரும்; அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசிவரை அது நமக்கு வடக்கே நிற்கும். ஆனி மாதக் காலையில் வடக்கு யன்னலால் வெயில் விழுவதை இங்கே யாரும் பார்க்கலாம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், தெற்கு அறைக்கு வெயில். ஆகவே இங்கே ஒரே அறை வருடத்தில் இரண்டு முகம் காட்டும். திசையைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது யன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதைத்தான்.

எங்கள் முன்னறையைக் கெடுத்ததும் அதுதான். யன்னலுக்கு வெளியே வாழையும் ஒரு மாமரமும். இலையில் பட்டு உள்ளே வரும் வெளிச்சத்தில் பச்சைதான் கூட, சிவப்பும் நீலமும் குறைவு. ஊதா தெரிய வேண்டுமென்றால் அந்த இரண்டும் வேண்டும். கிடைக்காவிட்டால் சுவரில் மிஞ்சுவது வெறும் சாம்பல். உரும்பிராய்ப் பக்கம், செம்மண் முற்றம் உள்ள வீடென்றால் கதை மறுபக்கம் போகும்: மண்ணில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சுவரை ரோஸாக்கும். பருத்தித்துறைக் கரையோரம், வெள்ளை மணல் வளவு என்றால் பகலில் நிறமே வெளிறிப்போகும். அங்கே ஒரு படி கடுமையாக எடுக்கலாம்.

பிறகு லைற். நம் வீடுகளில் அதிகம் இருப்பது 6500 கெல்வின் வெள்ளை பல்ப். அதன் கீழே இந்த நிறம் ஆஸ்பத்திரிச் சுவர்போல் நீலம் பாரித்துக் கிடக்கும். அதற்குப் பயந்து 2700 மஞ்சள் பல்ப் போட்டால், மஞ்சள் ஊதாவைத் தின்றுவிட்டு அழுக்கான மண்நிறத்தை விட்டுவைக்கும். நடுவில் 4000 அளவில் ஒன்று பாருங்கள். பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90 என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. நாங்கள் செய்ததும் இவ்வளவுதான்: பல்பை மாற்றினோம், வாழையில் இரண்டைத் தறித்தோம், பச்சைத் திரைச்சீலையைக் கழற்றி வெளிறிய சணல் நிறத்தில் ஒன்று போட்டோம். மறுபடி பெயின்ற் அடிக்கவில்லை. அம்மா இப்போது, "சாம்பல்தான், ஆனா பெயின்ற் எண்டு தெரியுது" என்கிறார்.

சீலிங்குக்குப் பளீர் வெள்ளை வேண்டாம். அதன் பக்கத்தில் இந்தச் சுவர் கழுவாத துணிபோல் தெரியும். கொஞ்சம் மங்கிய வெள்ளை போதும். தேக்குக் கதவும் பனையோலைப் பாயும் பித்தளைக் குத்துவிளக்கும் இந்த நிறத்துக்கு நல்ல கூட்டு. அவற்றின் மஞ்சள்தான் சுவரின் ஊதாவை வெளியே இழுக்கும். பழைய வீட்டுச் சிவப்புச் சீமெந்து நிலத்தோடுதான் கொஞ்சம் சண்டை. சுவரோரம் வரை பாய் விரித்தால் அடங்கும்.

சுவரைக் காயவிடாமல் அடிப்பது எந்த நிறத்துக்கும் பிழை, இதற்கு இரட்டைப் பிழை. புதுப் பூச்சுக்குக் குறைந்தது 4 கிழமை கொடுங்கள். காயாத சீமெந்தின் காரம் சில ஊதாச் சாயங்களைத் திட்டுத்திட்டாக வெளுக்கவைக்கும். காரம் தாங்கும் பிரைமர் ஒரு தரம் கட்டாயம். பழைய கல்வீட்டில் சுவரடியில் உப்புப் பூக்கிறதென்றால், அது நிலத்து ஈரம் ஏறுவது. அதை நிறுத்தாமல் மேலே எதைப் பூசினாலும் அடுத்த மாரிக்கு உரியும். பெயின்ற்றில் கலக்க உவர்க் கிணற்றுத் தண்ணீரை அள்ளாதீர்கள், நல்ல தண்ணீர் எடுங்கள். பளபளப்பான வகை, மேசன் விட்ட மேடுபள்ளம் எல்லாவற்றையும் ஊருக்குக் காட்டும். பளபளப்பில்லாத மட் வகைதான் இதற்குச் சரி.

கடைசியாக, குறைய வாங்குவது. 12 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் கதவு யன்னல் கழித்துச் சுமார் 420 சதுர அடி. லீற்றருக்கு 10 சதுர மீற்றர் என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு 8 லீற்றர் போகும். 4 லீற்றர் தகரம் இரண்டு. ஒன்றை இப்போது, மற்றதைப் பிறகு என்று வாங்கினால் இரண்டாவது கலவை ஒரு துளி மாறி வரலாம். இந்த நிறத்தில் அந்தத் துளி சுவரின் நடுவில் கோடாகத் தெரியும். இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிட்டுத்தான் பெயின்ற் அடிக்கும் அண்ணையிடம் பிரஷைக் கொடுக்க வேண்டும். மிஞ்சுவதை இறுக்க மூடி, கலவை இலக்கத்தை மூடியில் எழுதி வையுங்கள்.