விண்ணப்பம் கொடுத்தாச்சு, பிறகு? நிகழ்ச்சி அனுமதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயில் தேர்த் திருவிழா, தோட்டத்துக் கிரிக்கெட் போட்டி, டவுனில் ஓர் இசைக் கச்சேரி. எதுவானாலும் இலங்கையில் நம்ம மலையகத்தில் கமிட்டிகள் விண்ணப்பத்தை நேரத்துக்கே கொடுத்துவிடுகின்றன. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. "கடிதம் கொடுத்தாச்சு, இனி அவங்க பாத்துக்குவாங்க" என்று எல்லோரும் பந்தல் வேலைக்கும் வசூலுக்கும் போய்விடுகிறார்கள். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பொலிஸிலிருந்து அழைப்பு வரும்: "சபைக் கடிதம் எங்கே?"

ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே அனுமதி என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஒலிபெருக்கிக்கும் ஊர்வலத்துக்கும் பொலிஸ். பொது மைதானத்துக்கும் கடைகளுக்கும் பிரதேச சபை அல்லது நகர சபை. அன்னதானம், உணவுக் கடை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பிரதான வீதியை மறிப்பதென்றால் வீதிக்குப் பொறுப்பான நிறுவனம். தோட்டக் காணி என்றால் முகாமைத்துவத்தின் கடிதம். ஒரு மேசையில் உள்ள கோவை (ஃபைல்) இன்னொரு மேசையின் பதிலுக்காகக் காத்திருக்கும். அதை யாரும் போன் போட்டு நமக்குச் சொல்லமாட்டார்கள். எந்தக் கடிதம் எந்தக் கடிதத்துக்காக நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். தோட்டத் துரை (முகாமையாளர்) வாயால் "சரி" சொன்னது அந்தத் தாளில் சேராது. அவர் மாற்றலாகிப் போனால் அந்தச் சொல்லும் அவரோடு போய்விடும்.

சரியான சபைதானா என்றும் பாருங்கள். அம்பகமுவ பிரதேச சபை பிரிந்து 2018 தேர்தலில் மஸ்கெலியா, நோர்வூட் சபைகள் வந்தன. நுவரெலியா பிரதேச சபையிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் பிரிந்தன. பழைய கோப்பிலுள்ள பழைய முகவரியைப் பார்த்து எழுதும் கமிட்டிகள் இன்னும் இருக்கின்றன. எல்லையோரத் தோட்டமென்றால் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வராதீர்கள். கோவை இலக்கத்தையும், அந்த விடயத்தைப் பார்க்கும் கிளாக்கின் பெயரையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கவுன்டரில் "போன மாசம் ஒரு கடிதம் குடுத்தோம்" என்று தொடங்குபவருக்கும், இலக்கத்தைச் சொல்லிக் கேட்பவருக்கும் கிடைக்கும் பதில் வேறு. அப்படிக் கேட்பவரும் ஒருவராகவே இருக்கட்டும். தலைவர் ஒரு திகதி, செயலாளர் ஒரு நேரம், பொருளாளரின் மச்சான் ஒரு பாதை என்று ஆளுக்கொன்று சொன்னால், உத்தியோகத்தர் எதையும் நம்பாமல் கோவையை மூடி வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நம்ம ஊருக்கே உரிய சிக்கல் தபால். லயத்து வீடுகள் (தோட்டத்து வரிசை வீடுகள்) பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து தோட்டத்தின் டிவிசனுக்கு (பிரிவுக்கு), பிறகு யாரோ ஒருவர் கையில். ஊர்வலப் பாதையின் வரைபடம் கேட்டு வந்த கடிதம் தோட்ட அலுவலகத்தில் மற்றத் தபால்களோடு கிடந்து, கேட்ட திகதி தாண்டியபின் கமிட்டிக்குக் கிடைப்பது இங்கே புதிதல்ல. சபை பதில் வரவில்லையென்று கோவையை ஒதுக்கியிருக்கும். கமிட்டி அனுமதி வருமென்று காத்திருக்கும். இதற்கு வழி எளிது. விண்ணப்பத்தில் டவுனில் உள்ள நம்பகமான கடை முகவரி ஒன்றையும், எடுத்துப் பேசக்கூடிய ஒரு கைபேசி இலக்கத்தையும் போடுங்கள். வாரம் ஒருமுறை நேரில் போங்கள்.

கடிதம் சிங்களத்தில் வந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவர் வரும்வரை அலுமாரியில் வைப்பது அடுத்த தவறு. தமிழும் அரசகரும மொழி. அரச அலுவலகத்தில் தமிழில் தொடர்புகொண்டு தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. தமிழ்ப் பிரதியைத் தயங்காமல் கேளுங்கள், அது நம் உரிமை. அதேநேரம் அந்தக் கடிதம் என்ன கேட்கிறது என்பதை அன்றைக்கே யாரிடமாவது விளங்கிக்கொண்டு பதிலைத் தொடங்குங்கள். உரிமைக்கான கடிதம் ஒரு பக்கம் போகட்டும், திருவிழா வேலை நிற்கவேண்டாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது, கொடுத்த பிறகு செய்யும் மாற்றங்கள். விண்ணப்பத்தில் ஒரு பாதை, நோட்டீஸில் வேறு பாதை. எழுதியது சமய ஊர்வலம், கடைசியில் சேர்த்தது டிஜே. பரிசீலனையில் இருப்பது தாளில் உள்ள நிகழ்ச்சிதான். மாற்றினால் எழுத்தில் அறிவித்து, அதற்கும் முத்திரை வாங்கவேண்டும். அனுமதி கைக்கு வருமுன் நோட்டீஸ் அடிக்கவேண்டாம். டிக்கெட் போடும் நிகழ்ச்சியானால் கேளிக்கை வரி விஷயத்தைச் சபையில் முடித்த பிறகே டிக்கெட்டை வெளியே விடுங்கள்.

தேர் என்றால் இன்னும் கவனம். நம்ம தோட்டப் பாதைகள் ஒடுக்கம், வளைவு அதிகம், மின்கம்பி தாழ்ந்து தொங்கும். தேரின் உயரம் கலசத்தோடு எவ்வளவு, பாதையில் எந்தெந்த இடத்தில் கம்பி குறுக்கே போகிறது என்று அளந்து எழுதி உங்கள் பகுதி மின்விநியோக அலுவலகத்துக்குக் கொடுங்கள். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை மின்சாரத்தை நிறுத்துவார்கள் என்பதை எழுத்தில் பெறுங்கள். மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடித்துத் தேரைக் கடத்தும் பழக்கம் ஓர் உயிரைக் கேட்கும். பரிசோதனைக்கு உத்தியோகத்தர் வரும் நாளில் இதெல்லாம் தெரிந்த ஒருவர் இடத்தில் இருக்கவேண்டும். பூட்டிய கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர் மறுபடி எப்போது வருவாரோ தெரியாது.

நாள்களை எண்ணும்போது போயா (பௌர்ணமி விடுமுறை), பொது விடுமுறை, வார இறுதி எல்லாவற்றையும் கழியுங்கள். சிவனொளிபாத மலைப் பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை போகும். அந்த மாதங்களில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துப் பொலிஸாருக்கு யாத்திரிகர் கடமை. ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலக் கொண்டாட்டத்துக்கு வரும் கூட்டம். நம்ம திருவிழாக்களில் பலவும் இதே மாதங்களில்தான். ஊர்வலத்துக்குக் குறைந்தது 6 மணித்தியாலம் முன்னர் அறிவிக்கவேண்டும் என்று பொலிஸ் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அந்த 6 மணித்தியாலத்தை நம்பி இருந்தால் பாதுகாப்புக்கு ஆள் கிடைக்காது.

பதிலே வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் நினைவூட்டல் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கோவை எந்த நிலையில் உள்ளது என்று கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்ல 14 வேலைநாள் இருக்கிறது. ஆகவே கடைசி வாரத்தில் இது உதவாது, முன்கூட்டியே கேட்டால் உதவும். மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பல மறுப்புகள் நேரத்தையோ இடத்தையோ மாற்றினால் தீர்பவை. காரணம் தெரியுமுன்னே அரசியல்வாதி வீட்டுக்கு ஓடினால், உத்தியோகத்தரோடு நேரே பேசி முடிக்கக்கூடியதும் இழுபடும்.

அனுமதி வந்ததும் நிபந்தனைகளைக் கடைசி வரிவரை வாசித்து, சவுண்ட்காரருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். 2007 உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி இல்லை. விலக்கு வேண்டுமானால் தனியாக, முன்பே கேட்கவேண்டும்.

மழையைப் பற்றி ஒன்று. 2025 நவம்பரில் டித்வா புயல் நம்மவர்களுக்குச் செய்ததை யாரும் மறக்கவில்லை. அனுமதி கையில் இருந்தாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால் அனுமதி தந்த அலுவலகத்தோடு உடனே பேசுங்கள். சிவப்பு எச்சரிக்கை என்றால் அது வெளியேறும் நேரம், கூட்டம் கூட்டும் நேரமல்ல. மாற்றுத் திகதி ஒன்றை விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்காமல் பேச ஓர் இடம் இருக்கும்.

மைதானத்துக்கு வைப்புப் பணம் கட்டியிருந்தால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மறுநாளே குப்பையை அள்ளி, சபை உத்தியோகத்தரைக் கூப்பிட்டு மைதானத்தைக் காட்டிவிட்டு, பணத்தைத் திரும்பக் கேட்கும் கடிதத்தையும் அன்றே கொடுங்கள். அந்தப் பிரதியிலும் முத்திரை வேண்டும்.