அரை ஆயுள் இரண்டு முறை கடந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? அணுப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதிரியக்கத்தில் வெளிவரும் பீட்டாத் துகள் எங்கிருந்து வருகிறது? "அணுவின் வெளிச்சுற்றில் இருக்கும் எலக்ட்ரான் பிய்ந்து வருகிறது" என்று இந்த அரையாண்டுத் தேர்விலும் பல பேர் எழுதியிருந்தார்கள். கும்பகோணம் பக்கத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். படிக்காத பிள்ளைகள் எழுதிய விடை இல்லை இது. பீட்டா என்றால் எலக்ட்ரான், எலக்ட்ரான் இருப்பது சுற்றுப்பாதையில், அப்போது அங்கிருந்துதானே வர வேண்டும் என்று யோசித்து எழுதியது. அதனாலேயே இதைத் திருத்துவது சிரமமாக இருக்கிறது.

நடப்பது வேறு. அணுக்கருவுக்குள் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. அந்தக் கணத்தில் புதிதாகப் பிறப்பதுதான் அந்த எலக்ட்ரான். கூடவே மின்னூட்டமில்லாத ஓர் எதிர்நியூட்ரினோத் துகளும் கிளம்புகிறது. கருவில் புரோட்டான் ஒன்று கூடுவதால் அணு எண் 1 ஏறும், நிறை எண் மாறாது. கார்பன்-14 நைட்ரஜன்-14 ஆவது இப்படித்தான். "ஏதோ வெளியே போகிறதே, எண் குறையத்தானே வேண்டும்" என்று கார்பனின் அணு எண் 6-இல் ஒன்றைக் கழித்து 5 போட்டு மதிப்பெண்ணை விடாதீர்கள்.

எந்தக் கேள்வி வந்தாலும், இது கருவில் நடப்பதா, வெளியே எலக்ட்ரான்களிடம் நடப்பதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆல்பா, பீட்டா, காமா என்ற கதிரியக்கக் கதிர்கள் மூன்றும் கருவிலிருந்து வருபவை. எக்ஸ் கதிர் எலக்ட்ரான்கள் சம்பந்தப்பட்டது. வேதிவினையும் அப்படியே. யுரேனியத்தைச் சூடாக்கினாலும் அமிலத்தில் கரைத்தாலும் அதன் கதிரியக்கம் குறையாததற்கு இதுதான் காரணம். நெருப்பும் அமிலமும் வெளியே இருக்கும் எலக்ட்ரான்களைத்தான் தொடுகின்றன, கருவை எட்டுவதில்லை.

கரு எவ்வளவு சிறியது என்பதும் மனதில் பதிவதில்லை. புத்தகப் படத்தில் கோலிக்குண்டு அளவுக்குக் கருவை வரைந்து, அரை அங்குலம் தள்ளி வட்டம் போட்டிருப்பார்கள். அந்த இடத்துக்குள் அப்படித்தான் வரைய முடியும். தங்க அணுவின் கரு ஓர் எள் அளவு என்று வைத்துக்கொண்டால், முழு அணு ஏறக்குறைய 60 மீட்டர் குறுக்களவு வரும். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம் 216 அடி, அதாவது சுமார் 66 மீட்டர். விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளங்கையில் ஓர் எள்ளை வைத்துப் பாருங்கள். தங்கத் தகட்டின் மேல் ஆல்பாத் துகள்களைப் பாய்ச்சிய ரூதர்ஃபோர்டு சோதனையில், தகடு மெல்லியது என்பதால்தான் பெரும்பாலான துகள்கள் ஊடுருவின என்று எழுதுவது ஏன் போதாது என்று புரியும். மெல்லிய தகட்டிலும் நூற்றுக்கணக்கான அணு அடுக்குகளாவது உண்டு. அணுவுக்குள் வெற்றிடமே அதிகம், அதனால் துகள்கள் போய்விட்டன. எங்கோ ஒன்று கருவுக்கு மிக அருகில் போய்த் திரும்பி வந்ததை வைத்துத்தான் 1911-இல் ரூதர்ஃபோர்டு கருவைக் கண்டார்.

சரி, அரை ஆயுட்காலத்துக்கு, அதாவது கதிரியக்கக் கருக்களில் பாதி சிதைய ஆகும் காலத்துக்கு வருவோம். ஓர் அரை ஆயுளில் பாதி போனால் இரண்டாவதில் மீதிப் பாதியும் போய்விடும் என்று நம்பாத வகுப்பை நான் பார்த்ததில்லை. பலகையில் கோடு வரைந்து சொல்லிப் பார்த்தேன், தலையை ஆட்டிவிட்டு மறுபடி அதையே எழுதினார்கள். அப்புறம்தான் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளைத் தாயம் ஆடும் வீடுகளிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். மொத்தம் 64. எல்லாவற்றையும் ஒன்றாகக் குலுக்கிப் பாயில் போட வேண்டும். வெள்ளைப் பக்கம் மேலே விழுந்தவை சிதைந்த கருக்கள், ஓரமாக எடுத்துவிட வேண்டும். மிச்சத்தை மட்டும் மறுபடி குலுக்க வேண்டும். முதல் வீச்சில் 35 மிஞ்சின, அப்புறம் 16, 9, 4, 2. கடைசியில் ஒரே ஒரு கொட்டை கறுப்பாகவே விழுந்துகொண்டிருந்தது.

"சார், இது எட்டு தடவை தப்பிச்சிடுச்சு. அடுத்த தடவை கட்டாயம் வெள்ளை விழும்ல?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எட்டு தடவை தப்பினது அந்தக் கொட்டைக்குத் தெரியாதும்மா" என்றேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அவள் கேட்ட கேள்விதான் இந்தப் பாடத்தின் உயிர். கருவுக்கு மூப்பு கிடையாது. கோடிக்கணக்கான ஆண்டு பழைய யுரேனியக் கருவும் நேற்று உண்டான யுரேனியக் கருவும் அடுத்த நொடியில் சிதைவதற்கு ஒரே வாய்ப்புதான். எந்தக் கரு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது, கூட்டமாக எடுத்துக்கொண்டால்தான் பாதி என்ற கணக்கு நிற்கும். அதனால் அரை ஆயுளை இரண்டால் பெருக்கி "முழு ஆயுள்" என்று எழுதாதீர்கள். சராசரி ஆயுட்காலம் என்பதும் அதுவல்ல, அது அரை ஆயுளைப்போல் சுமார் 1.44 மடங்கு.

கணக்கில் இன்னொரு வழுக்கல். அயோடின்-131-இன் அரை ஆயுள் ஏறக்குறைய 8 நாள். 24 நாளில் எஞ்சுவது 1/8, சிதைந்தது 7/8. கேட்டிருப்பது எது என்று பார்க்காமல் 1/8 எழுதிவிட்டு வருகிறார்கள். "எஞ்சியது", "சிதைந்தது" இரண்டில் எந்தச் சொல் இருக்கிறதோ அதன் அடியில் பேனாவால் கோடு போடுங்கள்.

பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறையை அகழ்ந்தெடுத்தார்கள். அங்கே கிடைத்த மரக்கம்பத்தைக் கார்பன்-14 முறையில் சோதித்து, கி.மு. 300-ஐ ஒட்டிய காலம் என்று கணித்தார்கள். செங்கல்லை ஏன் சோதிக்கவில்லை என்று கேட்டால், அது பழசாக இருக்காது என்று பதில் வருகிறது. உயிரோடு இருந்த பொருள்தான் காற்றிலிருந்து கார்பனை எடுத்திருக்கும், செங்கல் எடுக்காது. சரி, 2,300 ஆண்டுக்கு எவ்வளவு கார்பன்-14 மிஞ்சியிருக்கும்? 5,730 ஆண்டில் 50 சதவீதம் குறைகிறது, அப்போது 2,300 ஆண்டில் 20 சதவீதம் என்று நேர்விகிதத்தில் போட்டு 80 சதவீதம் என்பார்கள். அடுக்குக்குறிச் சமன்பாட்டில் போட்டால் சுமார் 76 வரும். சிதைவு ஒரே வேகத்தில் நடப்பதில்லை, ஆரம்பத்தில் கருக்கள் அதிகம், அதனால் இழப்பும் அதிகம்.

ஆல்பாவை ஒரு தாள் தடுத்துவிடும் என்பதால் அது ஆபத்தில்லாதது என்று எழுதுவதும் தவறு. வெளியே இருக்கும்வரைதான் அது சாது. மூச்சிலோ சாப்பாட்டிலோ உள்ளே போய்விட்டால், அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கும் அதன் அதிக அயனியாக்கும் திறன் முழுவதும் பக்கத்துத் திசுவில்தான் இறங்கும்.

கதிர் படுவதையும் கதிரியக்கப் பொருள் ஒட்டிக்கொள்வதையும் பெரியவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். எக்ஸ் கதிர் எடுத்தவரின் உடம்பில் கதிர் தங்குவதில்லை. வெங்காயம் முளைக்காமல் இருக்கக் கோபால்ட்-60 காமாக் கதிர் காட்டுகிறார்கள், அந்த வெங்காயமும் கதிரியக்கப் பொருளாகிவிடாது.

கதிரியக்கம் என்றால் அணு உலை மட்டும்தான் என்று சொன்ன ஒரு பையனிடம், வீட்டில் பொட்டாஷ் உரம் இருக்கிறதா என்று கேட்டேன். சம்பாவுக்கு வாங்கிய மூட்டை திண்ணையில் இருப்பதாகச் சொன்னான். இயற்கைப் பொட்டாசியத்தில் 0.0117 சதவீதம் கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. கணக்குப் போட்டோம். 50 கிலோ மூட்டையில் நொடிக்குச் சுமார் 8 லட்சம் சிதைவுகள். பையன் முகம் மாறிவிட்டது. 8 லட்சம் பெக்கரல் என்பது எத்தனை கரு சிதைகிறது என்ற எண்ணிக்கை மட்டும், உடம்புக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்வது சீவர்ட் என்று விளக்கினேன். அந்தப் பீட்டாத் துகள்களில் பெரும்பாலானவை மூட்டைக்குள்ளேயே நின்றுவிடும், வெளியே வரும் காமாவும் சொற்பம். வளர்ந்த மனிதர் உடம்பிலுள்ள பொட்டாசியத்திலேயே நொடிக்குச் சுமார் 4,000 கருக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன என்றதும், "இப்ப கூடவா சார்?" என்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.