டிராக்டர் லிஃப்ட் மெதுவாக ஏறுகிறதா? பம்பைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

ஊட்டி மலையில் கேத்திப் பக்கமோ கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலோ ஜனவரிக் காலையில் பழைய டிராக்டரை ஸ்டார்ட் செய்து, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் லிஃப்டின் லீவரைத் தூக்கினால், கலப்பை மேலே வருவதற்குள் பொறுமை போய்விடும். "பம்பு போச்சு" என்பதுதான் முதலில் வரும் பேச்சு. பல வண்டிகளில் பம்பு நன்றாகவே இருக்கும். அதற்குள் எண்ணெய் போய்ச் சேராததுதான் கோளாறு.

காரணம் மலையிலேயே இருக்கிறது. பம்பு எண்ணெயை உறிஞ்சுகிறது என்கிறோம்; உண்மையில் வெளிக் காற்றழுத்தம்தான் எண்ணெயை பம்புக்குள் தள்ளுகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். உறைபனிக் குளிரில் எண்ணெயும் கெட்டிப்படும். சமவெளியில் பாதி அடைத்த எண்ணெய் வடிகட்டி வலையோடு (ஸ்ட்ரெய்னர்) சமாளிக்கும் வண்டி, இங்கே திணறும்.

வேலை தொடங்கும் முன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். தூக்கி நிற்கும் கலப்பைக்கு அடியில் கையோ தலையோ போகவே கூடாது. எண்ணெய்க் கசிவை விரலால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அழுத்தத்தோடு பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

முதலில் எப்போது மெதுவாகிறது என்று கவனியுங்கள். காலையில் மெதுவாக இருந்து, சூடேறியதும் சரியானால் எண்ணெய் தடிமன், ஸ்ட்ரெய்னர் இரண்டையும் சந்தேகப்படுங்கள். காலையில் நன்றாக இருந்து மதியம் சூட்டில் சோர்ந்தால் பம்போ சீலோ தேய்ந்திருக்கிறது. இறங்குவது மட்டும் மெதுவாக இருந்தால் அது கோளாறே இல்லாமல் இருக்கலாம். பல மாடல்களில் சீட்டுக்கு அடியில் இருக்கும் இறங்கு வேகக் குமிழைத் திருப்பிப் பாருங்கள்.

அடுத்து எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி, அதாவது டிப் ஸ்டிக். கலப்பையைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்திய பிறகு அளவு பாருங்கள். சரிவில் நின்று பார்த்தால் தப்புக் கணக்குதான் வரும். அளவு குறைந்த வண்டி மேட்டில் ஏறும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பு காற்றை இழுக்கும். குச்சியில் நுரை இருந்தால் காற்று கலக்கிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர். கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். உறையை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

எண்ணெய் கிரேடை மேனுவலில் உள்ளபடியே போடுங்கள். கடையில் கிடைத்த தடித்த கியர் ஆயிலை ஊற்றி நிரப்பியிருந்தால் குளிரில் மெதுவாகத்தான் தூக்கும். பெரும்பாலான பழைய மாடல்களில் கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே எண்ணெய். வடிக்கும்போது சுமார் 30 லிட்டரோ அதற்கு மேலோ வரும். கேன்களைத் தயாராக வையுங்கள், ஓடையில் விடாதீர்கள்.

இனி ஸ்ட்ரெய்னர். மாஸி ஃபெர்குசன் 35, 1035 மாதிரியான வண்டிகளில் பம்பே ஹவுசிங்குக்குள் (கியர், லிஃப்ட் இருக்கும் இரும்புக் கூடு) எண்ணெயில் மூழ்கி இருக்கும், எண்ணெயை முழுவதும் வடித்த பிறகுதான் எட்ட முடியும். வலையை டீசலில் கழுவி, உள்ளிருந்து வெளியே காற்றடியுங்கள். கழுவுவதற்கு முன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கறுப்புக் கசடு என்றால் பழைய எண்ணெய், மஞ்சள் மினுக்கு என்றால் பித்தளைப் புஷ் தேய்கிறது. ஹவுசிங்குக்குள் காற்று போய்வரும் பிரீதரையும் சுத்தம் செய்யுங்கள். பம்பு வெளியே இருக்கும் மாடல்களில் சக்‌ஷன் பைப் (எண்ணெய் உறிஞ்சும் குழாய்) இணைப்புகளில் கிரீஸ் தடவி என்ஜினை ஓட்டுங்கள். கரகர சத்தம் குறைந்தால் அந்த இடத்தில்தான் காற்று புகுகிறது. வெளியே ஒரு சொட்டும் கசியாது, அதனால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு மாறவில்லையென்றால் கலப்பையைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணையுங்கள். சில நிமிடங்களிலேயே சரசரவென இறங்கினால் சிலிண்டர் பிஸ்டன் சீல், ஓ-ரிங் அல்லது கன்ட்ரோல் வால்வில் கசிவு. அப்படியே நின்றும் தூக்கும்போது மட்டும் மெதுவாக இருந்தால் பம்பின் பக்கம் பாருங்கள்.

அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் ரிலீஃப் வால்வில் வாஷர் சேர்த்து இறுக்கச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். அது அழுத்தத்தின் உச்ச வரம்பைத்தான் ஏற்றும், வேகத்தைக் கூட்டாது; ஹவுசிங் விரிசல் விடும் ஆபத்து வேறு. மெக்கானிக்கிடம் பிரஷர் கேஜ் போடச் சொல்லி, எண்ணெய் சூடாக இருக்கும்போது மேனுவல் அளவோடு ஒப்பிட்ட பிறகே பம்புக்குப் பணம் எடுங்கள்.