பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்க: விண்ணப்பம் முதல் முதல் மேடையேற்றம் வரை

நாடகத்தைப் பட்டப்படிப்பாகப் படிக்கலாம் என்பது நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தவர்களிலும் பெரும்பாலோர் அதைத் திரைப்பட நடிப்புக்கான பயிற்சி என்றே எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் நாடகத் துறையில் சேருகிறவர் நடிப்போடு சேர்த்து, பிரதியைப் பகுத்துப் படிக்கவும், காட்சியை அமைக்கவும், ஒளி வைக்கவும், உடையும் ஒப்பனையும் திட்டமிடவும், ஒத்திகையை நடத்தவும், நாடக வரலாற்றை ஆராய்ந்து எழுதவும் கற்றுக்கொள்கிறார். ஒரு நாடகத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பிறரோடு கூடி உருவாக்கத் தெரிந்தவராக அவர் வெளியே வர வேண்டும் என்பதே அந்தப் படிப்பின் நோக்கம். இந்த நோக்கத்தை மனத்தில் வைத்துத் தயாராகிறவருக்குத் தேர்வும் எளிதாகும், முதல் பருவமும் வீணாகாது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இருந்து விண்ணப்பிக்கும் புதியவர்களை எண்ணி இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

முதல் படி: எங்கே, எந்த மொழியில் என்று முடிவு செய்யுங்கள்

மற்றப் படிப்புகளில் பயிற்றுமொழி ஒரு வசதி மட்டுமே. நாடகத்தில் அதுவே உங்கள் கருவி. எந்த மொழியில் மேடையில் நின்று பேசப்போகிறீர்கள், யார் முன்னால் பேசப்போகிறீர்கள் என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகு நிறுவனங்களின் பட்டியலைப் பாருங்கள்.

தமிழில் தொடர விரும்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை. தமிழ் நாடக முன்னோடி சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கிய நிகழ்கலைப் பள்ளியாகத் தொடங்கிய அதற்கு முதல் இயக்குநராக இருந்தவர் நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி. சுவாமிகள் 1922இல் மறைந்ததும் அடக்கம் செய்யப்பட்டதும் புதுச்சேரியில்தான் என்பதால் அந்தப் பெயர் அந்த ஊருக்கு மிகவும் பொருந்துகிறது. அங்கே நாடகத்தில் முதுநிலைப் பட்டமும் ஆய்வுப் பட்டமும் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகம் ஆகையால் அண்மை ஆண்டுகளில் முதுநிலைச் சேர்க்கை க்யூட் (CUET) என்னும் பொது நுழைவுத் தேர்வின் வழியாக நடக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை மற்றோர் இடம். தேசிய நாடகப் பள்ளியில் பயின்று, காந்திகிராமத்தில் 1977இல் நடந்த பயிற்சிப் பட்டறையின் வழியே தமிழில் நவீன நாடகத்துக்கு ஒரு தலைமுறையையே ஆயத்தப்படுத்திய பேராசிரியர் சே. இராமானுஜம் பணியாற்றிய துறை அது.

அண்டை மாநிலங்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி திருச்சூரில் 1977இல் ஜி. சங்கரப்பிள்ளையின் தலைமையில் தொடங்கியது. இளநிலையிலேயே நாடகம் படிக்க அங்கே வழியுண்டு, ஆனால் மலையாளம் கற்க மனம் வேண்டும். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் முதுநிலை இருக்கிறது. கர்நாடகத்தின் ஹெக்கோடு என்னும் சிற்றூரில் கே.வி. சுப்பண்ணாவின் முயற்சியால் வளர்ந்த நீநாசம் 1980 முதல் பட்டயப் பயிற்சி அளித்துவருகிறது. அது பல்கலைக்கழகம் அன்று என்றாலும், ஓராண்டுக்குள் முழு நாடக வாழ்க்கையை வாழ்ந்து பார்க்க அதைவிட நல்ல இடம் தென்னிந்தியாவில் எனக்குத் தெரியவில்லை.

தில்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளி 1959இல் தொடங்கப்பட்டது. 1962 முதல் 1977 வரை இயக்குநராக இருந்த இப்ராஹிம் அல்காஸியின் காலத்தில்தான் அதன் பாடத்திட்டமும் கண்டிப்பும் உருப்பெற்றன. மூன்றாண்டுப் பட்டயப் படிப்பான அதற்குப் பட்டம் பெற்றிருப்பதோடு, குறைந்தது ஆறு நாடகத் தயாரிப்புகளில் பங்கேற்ற அனுபவமும் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. வகுப்புகளும் மேடையேற்றங்களும் பெரும்பாலும் இந்தியில் நடப்பதால், செல்ல நினைக்கிறவர்கள் இப்போதே இந்தி பேசிப் பழகத் தொடங்க வேண்டும். எல்லா இடங்களிலும் வயது வரம்பும் தகுதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை முழுமையாகப் படித்த பின்னரே விண்ணப்பியுங்கள்.

இரண்டாம் படி: விண்ணப்பிக்கும் முன்பே ஒரு குழுவில் வேலை செய்யுங்கள்

உங்கள் ஊரிலோ அருகிலோ இயங்கும் நாடகக் குழுவொன்றைத் தேடிச் செல்லுங்கள். நடிக்க வாய்ப்புக் கேட்பதைவிட, மேடைக்குப் பின்னால் என்ன வேலை இருந்தாலும் செய்கிறேன் என்று கேட்பதே நல்லது. பாத்திரம் கிடைக்காமல் போகலாம், நாற்காலி தூக்கவும் உடைகளைக் கணக்குப் பார்த்து வைக்கவும் ஆள் வேண்டாம் என்று எந்தக் குழுவும் சொல்லாது. ஒத்திகைகளில் ஓரமாக உட்கார்ந்து, இயக்குநர் ஒரே காட்சியை ஏன் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார், முந்தைய முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் ‘அண்மையில் பார்த்த நாடகம் எது, அதில் என்ன கவனித்தீர்கள்’ என்ற கேள்வி வரும்போது இந்தக் குறிப்புகளே கைகொடுக்கும்.

கூத்தையும் பாருங்கள். வடதமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களின்போது பாரதக் கூத்து இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையும் காஞ்சிபுரம் பகுதியில் இயங்கும் கட்டைக்கூத்துச் சங்கமும் கூத்துப் பயிற்சிக்கும் பெயர்பெற்றவை. புதியவர்கள் கதையைப் பின்தொடர்வதில் மட்டும் கவனத்தைச் செலவிட்டுவிடுவதுண்டு. அதற்குப் பதிலாக ஒரே ஒரு திரைப்பிரவேசத்தைக் கூர்ந்து பாருங்கள். இருவர் துணியைப் பிடித்து நிற்க, அதன் பின்னாலிருந்து வேடக்காரர் பாடுவது முதலில் காதில் விழுகிறது. கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. கூத்தின் கோமாளியும் அறிவிப்பாளனுமான கட்டியக்காரன் கேள்வி கேட்டு அவையைத் தயார்ப்படுத்துகிறான். திரை விலகும்போது பார்வையாளருக்கு அந்தப் பாத்திரம் ஏற்கெனவே பாதி அறிமுகமாகியிருக்கிறது. ஒரு பாத்திரத்தின் நுழைவை எப்படிக் கட்டுவது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடத்தை வகுப்பறையில் பெறுவது கடினம். வேடம் கட்டும் இடத்துக்குள் செல்ல விரும்பினால் கூத்துக் குழுவின் ஆசிரியரிடம் அனுமதி கேட்டுச் செல்லுங்கள். அரிதாரம் பூசத் தொடங்கியவரைப் பேச்சுக்கு இழுக்காதீர்கள்.

மூன்றாம் படி: நடிப்புத் தேர்வுக்கு ஒரு தனிமொழியைத் தயார்செய்யுங்கள்

நடிப்புத் தேர்வு வைக்கும் நிறுவனங்கள் வழக்கமாகத் தனியே நடித்துக்காட்டும் பகுதிகளைக் கேட்கும். ஒரு பாடலும், அங்கேயே கொடுக்கப்படும் சூழலுக்கு உடனடியாக நடிப்பதும் சேரலாம். பகுதியை நாடகப் பிரதியிலிருந்தே எடுங்கள். திரைப்பட வசனத்தை எடுத்தால் அதை முன்பே பேசிய நடிகரின் குரல் உங்கள் குரலின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தேர்வாளருக்கு உங்களைப் பார்க்க வழியிருக்காது. நாடகம் முழுவதையும் படித்த பிறகே அதிலிருந்து ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் அந்தப் பாத்திரம் முந்தைய காட்சியில் என்ன செய்தது என்று கட்டாயம் கேட்பார்கள்.

பகுதியைப் பகுப்பது எப்படி என்பதை இந்த விளக்கத்துக்காக நானே எழுதிய மூன்று வாக்கியங்களில் காட்டுகிறேன். வயதான தாய் ஒருத்தி, இரவில், மருமகளிடம் பேசுகிறாள்: ‘கதவத் தெறந்து வையி. அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் தெறந்து வையி.’

முதலில், பேசுவதற்கு ஒரு நொடி முன்னால் என்ன நடந்தது என்று முடிவு செய்யுங்கள். மருமகள் தாழ்ப்பாளில் கை வைத்திருக்கிறாள் என்று கொண்டால் முதல் வாக்கியம் அவளைத் தடுக்கும் செயலாகிறது; அவள் தூங்கப் போய்விட்டாள் என்று கொண்டால் அதுவே அழைக்கும் செயலாகிறது. குரலின் அளவும் பார்வையின் திசையும் இந்த முடிவிலிருந்து தாமாகவே வந்துவிடும். அடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒரு வினைச்சொல்லை எழுதுங்கள்: தடுக்கிறாள், ஒப்புக்கொள்கிறாள், கெஞ்சுகிறாள். ‘சோகமாக’, ‘ஏக்கமாக’ என்று உணர்ச்சியின் பெயரை எழுதினால் நடிகர் அந்த உணர்ச்சியைக் காட்ட முயன்று முகத்தை இறுக்கிக்கொள்வார். வினையை எழுதினால் எதிரில் இருப்பவரிடம் ஏதோ ஒன்றைச் செய்யத் தொடங்குவார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாஸ்கோவில் நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி வகுத்த பயிற்சிமுறையின் நடைமுறைச் சாரம் இது; உலகெங்கும் பல நாடகத் துறைகளில் முதலாண்டுப் பாடம் இங்கேதான் தொடங்குகிறது. கடைசியாக, ‘தெறந்து வையி’ என்பது இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். இடையில் உள்ள வாக்கியத்தில் அவள் தன் நம்பிக்கையின்மையைத் தானே சொல்லிவிட்டதால் இரண்டாம் முறை அதே தொனியில் பேச முடியாது. எங்கே மூச்சு எடுக்கிறீர்கள் என்பதைப் பென்சிலால் குறியுங்கள். ‘தெரியும்’ என்ற சொல்லுக்குப் பின் ஒரே ஓர் இடைவெளி போதும்.

இப்படிப் பகுத்த பிறகு நான்கு சுவர்களுக்குள் மட்டும் பேசிப் பார்க்காமல், திறந்தவெளியில், பத்து அடி தூரத்தில் ஒருவரை நிறுத்திப் பேசிப் பாருங்கள். குரலைத் தொண்டையிலிருந்து தள்ளினால் மறுநாள் கரகரப்பு வந்துவிடும்; வயிறு விரிய மூச்சை இழுத்து, வாக்கியத்தின் கடைசிச் சொல்வரை காற்றைக் காத்து வையுங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் நம் வாக்கியங்களின் உயிர் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது, அதைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள். லகர, ளகர, ழகரங்கள் நாவில் தெளிவாக அமையத் திருப்புகழின் சந்தப் பாடல்களைத் தினமும் சிறிது நேரம் வாய்விட்டுச் சொல்லிப் பழகலாம்.

நான்காம் படி: படித்ததைத் தரையில் வரைந்து பாருங்கள்

எழுத்துத் தேர்வுக்கும் முதல் பருவத்துக்கும் வரலாறு தேவை. 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையையும், 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும், 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையையும் அவற்றின் காலப் பின்னணியோடு சேர்த்துப் படித்தால் நவீனத் தமிழ் நாடகத்தின் முதுகெலும்பு பிடிபட்டுவிடும். பரதரின் நாட்டிய சாத்திரம், கிரேக்க நாடகம், ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டின் நாடகங்கள் ஆகியவை பெரும்பாலான பாடத்திட்டங்களில் இருக்கும். அவற்றை வகுப்பு தொடங்கிய பின் படித்துக்கொள்ளலாம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை மட்டும் முன்பே படித்துவிடுங்கள், அதுவும் கையில் ஒரு கயிறோடு. இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு கோல் என்றும், அரங்கம் ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையது என்றும், மேல்பலகைக்கும் தரைப்பலகைக்கும் இடைவெளி நான்குகோல் என்றும் இளங்கோ அளவு தருகிறார். உங்கள் பெருவிரலின் அகலத்தை இருபத்துநான்கு முறை அடுக்கிக் கயிற்றில் முடிச்சுப் போட்டால் ஏறக்குறைய அரை மீட்டர் வரும். அந்தக் கோலால் பள்ளி மைதானத்தில் அரங்கை வரைந்தால், மூன்றரை மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் உள்ள நெருக்கமான ஓர் இடம் கிடைக்கும். அதற்குள் நின்று உங்கள் தனிமொழியைச் செய்து பாருங்கள். ஓர் அடி முன்னால் வைப்பதுகூட எவ்வளவு பெரிய அசைவாகிறது என்று உடலுக்கே புரியும். தூணின் நிழல் புறத்தே விழும்படி விளக்கு வைக்க வேண்டும் என்றும், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூவகைத் திரைகள் உண்டு என்றும் அதே பகுதி சொல்கிறது. ஒளியமைப்பும் மேடை நிர்வாகமும் நமக்குப் புதியவை என்று எண்ணிக் கூச்சப்படுகிற மாணவர்களுக்கு இந்தப் பகுதியைப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஐந்தாம் படி: முதல் பருவத்தில் மேடைப் பிரதி ஒன்றைப் பராமரியுங்கள்

சேர்ந்தவுடன் உடற்பயிற்சி, குரல், இசை, பிரதி வாசிப்பு என்று நாள் காலையிலேயே தொடங்கி, ஒத்திகை இருக்கும் காலத்தில் இரவுவரை நீளும். துறைத் தயாரிப்பில் உங்களுக்குச் சிறிய பாத்திரம் கிடைத்தாலும், பாத்திரமே கிடைக்காவிட்டாலும், மேடைப் பிரதியை எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். நாடகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு பெரிய குறிப்பேட்டின் வலப்பக்கத்தில் ஒட்டி, இடப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அந்த வெறும் பக்கத்தில் மேடையின் சிறு வரைபடம் போட்டு, யார் எந்தச் சொல்லில் எங்கிருந்து எங்கே நகர்கிறார் என்று அம்புக்குறியால் காட்டுங்கள். ஒளி மாறும் இடத்துக்கு ஒரு நிறம், இசை நுழையும் இடத்துக்கு வேறொரு நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடை வலம், மேடை இடம் என்பவை பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் வலமும் இடமும் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துவிடுங்கள். இயக்குநர் தினமும் மாற்றிக்கொண்டே இருப்பார் என்பதால் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள்.

ஒளி மாற வேண்டிய சொல்லுக்குச் சில வரிகள் முன்னால் ‘தயார்’ என்றும், அந்தச் சொல்லில் ‘போ’ என்றும் குறித்துவைத்தால், மேடையேற்றத்தன்று அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தே ஒருவர் நாடகம் முழுவதையும் நடத்திவிட முடியும். ஒரு தயாரிப்பை இப்படி முழுமையாகப் பதிவு செய்த மாணவர், நடிப்பு, இயக்கம், வடிவமைப்பு ஆகியவற்றில் எது தனக்குரியது என்பதைப் பிறரைக் கேட்காமலே கண்டுகொள்வார்.

ஆறாம் படி: பணத்தையும் பணியையும் இப்போதே விசாரித்துவையுங்கள்

தேசிய நாடகப் பள்ளி தன் மாணவர்களுக்கு மாத உதவித்தொகை வழங்குகிறது. இந்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயதுவரை உள்ள இளங்கலைஞர்களுக்கு இரண்டாண்டு உதவித்தொகை அளிக்கும் திட்டத்தில் நாடகமும் ஒரு பிரிவு. கல்லூரி ஆசிரியராக விரும்புகிறவர்கள் அதற்கான தேசியத் தகுதித் தேர்வான யுஜிசி நெட் தேர்வில் நிகழ்கலைப் பாடத்தை எழுதலாம். பள்ளிகளில் நாடகவழிக் கல்வி, குழந்தைகள் அரங்கு, தொண்டு நிறுவனங்களின் விழிப்புணர்வு நாடகங்கள், திரைத்துறையில் நடிப்புப் பயிற்சி என்று வேறு வாய்ப்புகளும் இருக்கின்றன. வருமானம் முதல் சில ஆண்டுகளில் நிலையாக இருக்காது என்பதை வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். துறையில் பயின்று வெளியேறிய மூத்த மாணவர் ஒருவரைப் பெற்றோரோடு சென்று சந்திப்பது, அவர்கள் மனத்தில் உள்ள கேள்விகளை நேராகக் கேட்க வழிசெய்யும். அந்தச் சந்திப்புக்குத் துறையின் ஆண்டுத் தயாரிப்பு நடக்கும் நாளைத் தேர்ந்தெடுத்தால், அவர்கள் நாடகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.