வாஷிங்டன் மாநிலத்தில் பேரன்டிங் பிளான் எழுதுவது எப்படி?

சியாட்டில், பெல்வியூ பக்கம் மணவிலக்கு வரை போகும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "கஸ்டடி யாருக்குக் கிடைக்கும்?" என்றுதான். வாஷிங்டன் மாநிலம் 1987-இல் கொண்டுவந்த சட்டம் அந்தச் சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, பேரன்டிங் பிளானை, அதாவது குழந்தை வளர்ப்புத் திட்டத்தை, முன்னால் கொண்டுவந்தது. குழந்தை எந்த இரவு எந்த வீட்டில் தூங்கும், பெரிய முடிவுகளை யார் எடுப்பது, கருத்து வேறுபாடு வந்தால் எங்கே போவது என்று அதில் எழுத வேண்டும். நீதிபதி கையெழுத்துப் போட்டதும் அது நீதிமன்ற உத்தரவாகிவிடும்.

1. படிவத்தை எடுங்கள்

'எஃப்எல் ஆல் ஃபேமிலி 140' என்ற படிவம் மாநில நீதிமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இருவரும் ஒத்துப்போனால் ஒரே படிவம் போதும். இல்லையென்றால் அவரவர் யோசனையைத் தனித்தனியாகத் தாக்கல் செய்யலாம்.

வீட்டில் அடி, மிரட்டல் இருந்திருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். அப்படிப்பட்டவரோடு சேர்ந்து முடிவெடுக்க உங்களைக் கட்டாயப்படுத்தாமல் இருக்கவும், அவர் குழந்தையை வேறொருவரின் மேற்பார்வையில் மட்டும் சந்திக்கவும் நீதிமன்றம் உத்தரவிட முடியும். அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

2. காலண்டரோடு உட்காருங்கள்

"வார இறுதியில் அப்பாவிடம்" என்று எழுதினால் அடுத்த மாதமே சண்டை வரும். "ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளி மாலை 6 மணி முதல் ஞாயிறு மாலை 6 மணி வரை" என்று எழுதுங்கள். எந்த வெள்ளியில் தொடங்குகிறது, எங்கே ஒப்படைப்பது, யார் காரில் கூட்டிப்போவது என்பதும் வேண்டும். குழந்தைக்கு இப்போது மூன்று வயதுதான் என்றாலும் பள்ளிக்கூட வயதுக்கான பகுதியையும் நிரப்பிவிடுங்கள்.

3. பண்டிகைகள்

தேங்க்ஸ்கிவிங், குளிர்கால விடுமுறை எல்லாம் படிவத்திலேயே இருக்கும். தீபாவளி, பொங்கலை நாம்தான் சேர்க்க வேண்டும். ஒற்றைப்படை ஆண்டு அம்மாவுக்கு, இரட்டைப்படை ஆண்டு அப்பாவுக்கு என்று பிரிப்பது எளிது. ஆனால் தீபாவளியில் ஒரு சிக்கல் உண்டு. நாம் சதுர்த்தசியில் கொண்டாடுகிறோம், வட இந்தியர்கள் அமாவாசையில் கொண்டாடுகிறார்கள். சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின் ஆகும். எந்த நாள் என்பதை எப்படி முடிவு செய்வீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பொங்கல் பெரும்பாலும் பள்ளி நாளில் வருவதால், "பள்ளி விட்டதிலிருந்து இரவு 8 மணி வரை" என்பது போல நேரம் குறியுங்கள்.

4. முடிவுகள்

அன்றாட விஷயங்களைக் குழந்தை யாரிடம் இருக்கிறதோ அவரே பார்த்துக்கொள்ளலாம். அவசர சிகிச்சைக்கு இருவரில் யார் வேண்டுமானாலும் முடிவெடுக்கலாம். எந்தப் பள்ளி, என்ன சிகிச்சை போன்றவற்றை இருவரும் சேர்ந்தா, ஒருவர் மட்டுமா என்று குறியுங்கள். ஒத்துவராவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகும் முன் சமரசப் பேச்சுக்குப் போவதாகவும் எழுதலாம்.

5. ஊருக்குப் போவது

நம் குடும்பங்களுக்கு இதுதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். பெற்றோரில் ஒருவர் வேறு நாட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்ட குழந்தையைத் திருப்பி அனுப்ப வழிசெய்யும் ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. அங்கே போன குழந்தை திரும்பாவிட்டால் மீட்பது மிகவும் கடினம். அதனால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், திரும்பும் டிக்கெட்டின் நகல், பாஸ்போர்ட் யார் கையில் என்பதையெல்லாம் எழுத்தில் வையுங்கள். தாத்தா பாட்டியைப் பார்க்கும் வாய்ப்பும் குழந்தைக்குத் தடைபடாது.

6. வீடு மாறினால்

குழந்தை அதிகம் தங்கும் பெற்றோர் இப்போதைய பள்ளி மாவட்டத்தை (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) விட்டு வீடு மாற்றினால், பொதுவாக 60 நாள் முன்பே முறைப்படி அறிவிக்க வேண்டும். மற்றவர் 30 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம்.

அப்புறம், குழந்தைக்கான பராமரிப்புப் பணம் (சைல்டு சப்போர்ட்) வரவில்லை என்பதற்காகக் குழந்தையை அனுப்பாமல் இருக்காதீர்கள். ஒருவர் திட்டத்தை மீறினாலும் மற்றவரின் கடமை மாறாது என்று சட்டமே சொல்கிறது. பணத்தை வசூலிக்க மாநிலத்தில் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே விண்ணப்பியுங்கள்.