தரையிறங்கும்போது மாணவ விமானிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உச்சிப்புளியில் உள்ள ஐ.என்.எஸ். பருந்து கடற்படையின் விமானத் தளம் என்பதால், இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் விமானியாக விரும்பும் பிள்ளைகள் பயிற்சிக்கு வெளியூர்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே அவர்களை மிகவும் சோதிப்பது தரையிறக்கம். அதில் நேரும் சேதங்கள் பலவும் சக்கரம் தரையைத் தொடுவதற்கு முன்பே, தவறான வேகத்தில் இறங்கி வருவதில் தொடங்கிவிடுகின்றன.

பயிற்சியில் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 விமானம், ஃபிளாப்களை (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் தகடுகள்) முழுமையாக இறக்கிய நிலையில் ஏறத்தாழ 60 முதல் 70 நாட் (ஒரு நாட் மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடுபாதையை நெருங்க வேண்டும். பாதுகாப்புக்கென்று கருதிப் பத்து நாட் கூட்டி வரும் மாணவரின் விமானம், தரைக்குச் சற்று மேலேயே இறங்காமல் மிதந்துகொண்டு போகும். ஓடுபாதை தீர்ந்துவிடுமோ என்ற பதற்றத்தில் அவர் யோக் என்னும் கட்டுப்பாட்டுப் பிடியை முன்னால் தள்ளுவார். அதுதான் பெரிய தவறு. தரையிறங்கும் அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை பின்னாலுள்ள முதன்மைச் சக்கரங்கள். மூக்குச் சக்கரத்துக்கு அந்த வலு இல்லை. அது முதலில் மோதினால் மூக்கு மேலே எகிறும், இறக்கைகள் மீண்டும் தூக்கும், விமானம் துள்ளும். மாணவர் மறுபடி மூக்கை அழுத்துவார்; ஆனால் அவர் கை ஒவ்வொரு முறையும் ஒரு கணம் பிந்துவதால், துள்ளல் அடங்குவதற்குப் பதிலாக வளரும். இரண்டு, மூன்று துள்ளல்களிலேயே மூக்குச் சக்கரம் முறியலாம். புரொப்பெல்லர் தரையில் அடிபடலாம்.

துள்ளல் சிறியதென்றால் மூக்கை அதே நிலையில் பிடித்து, சிறிது எஞ்சின் விசை கொடுத்து மெல்ல இறக்கலாம். பெரிதென்றால் தயங்காமல் எஞ்சின் விசையைக் கூட்டும் திராட்டிலை முழுவதும் திறந்து மேலெழுந்து சுற்றி வர வேண்டும். இப்படிச் சுற்றி வருவதைத் தோல்வியாக எண்ணும் மனப்பான்மை, என் கருத்தில், எந்தக் கைத்தவறையும்விட ஆபத்தானது. அப்போதும் அவசரத்தில் ஃபிளாப்களை ஒரேயடியாக மடக்கினால் விமானம் உயரம் இழக்கும். அவற்றைப் படிப்படியாகவே ஏற்ற வேண்டும். முழு விசையில் மூக்கு இடப்புறம் இழுக்கும் என்பதால் வலது ரடரையும் (வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும் மிதி) அழுத்த வேண்டும்.

ஓடுபாதைக்குக் குறுக்கே வீசும் பக்கக் காற்று தனிப் பாடம். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது அப்போதைய வழக்கம். செஸ்னா 172ஐ இறக்கிக் காட்டியதாக அதன் கையேடு குறிப்பிடும் பக்கக் காற்றோ 15 நாட், அதாவது ஏறத்தாழ 28 கிலோமீட்டர். கச்சான் காற்றைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சாதாரணக் காற்றாகத் தோன்றலாம். காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர் ரடரால் மூக்கை ஓடுபாதைக்கு நேராக நிறுத்தி இறங்கும் மாணவர்கள்கூட, சக்கரம் தரையைத் தொட்டதும் கையைத் தளர்த்திவிடுகிறார்கள். விமானம் நன்றாக வேகம் குறையும்வரை யோக்கைக் காற்றின் பக்கமே திருப்பிப் பிடித்திருக்க வேண்டும்.

கடலின் மேலாக ஓடுபாதையை நெருங்கும்போது, கீழே மரமோ வீடோ இல்லாததால் இருக்கும் உயரத்தைவிட அதிக உயரத்தில் இருப்பதாகக் கண் ஏமாறும். அதை நம்பித் தாழ்ந்து வராமல் உயரமானியைப் பார்க்க வேண்டும்.

பலமாக மோதி இறங்கிய பிறகு, வெளியே ஒன்றும் தெரியவில்லை என்று மறுபடி கிளம்பக் கூடாது. எஞ்சினுக்குப் பின்னுள்ள ஃபயர்வால் வளைந்திருக்கலாம். பயிற்றுநரிடம் சொல்லி, பொறியாளர் சோதித்த பின்னரே அந்த விமானத்தை மீண்டும் பறக்கவிட வேண்டும்.