வயதுவந்தோருக்கு உளவியல் ஆலோசனை: உறவை முன்வைத்துப் பணியாற்றும் முறை

உளவியல் ஆலோசனைப் பயிற்சியை முடித்து, வயதுவந்தோரைத் தனித்துச் சந்திக்கத் தொடங்கும் ஆலோசகர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களில் வகுக்கத் தொடங்கிய நபர்மைய அணுகுமுறை, தமக்கு எது வலிக்கிறது, எத்திசையில் நகர வேண்டும் என்பதை வந்திருப்பவரே அறிவார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. மனமாற்றம் நிகழ ஆறு நிபந்தனைகள் தேவை என்று 1957-இல் அவர் எழுதினார். உள்ளும் புறமும் ஒத்திருத்தல், வந்தவரை எடைபோடாமல் அப்படியே மதிக்கும் நிபந்தனையற்ற ஏற்பு, அவர் உணர்வதை அவர் நிலையில் நின்று உணரும் ஒத்துணர்வு ஆகிய மூன்றும் ஆலோசகரிடம் இருக்க வேண்டியவை. ஏற்பும் ஒத்துணர்வும் வந்தவருக்கு ஓரளவேனும் போய்ச் சேர வேண்டும் என்பது ஆறாவது நிபந்தனை. பயிற்சியில் பலர் கவனிக்காமல் கடந்துவிடுவது இதைத்தான்.

முதல் சந்திப்பில் நேரம், கட்டணம், இரகசியக் காப்பு, உயிருக்கு ஆபத்து எனில் அந்தக் காப்பு எங்கே தளரும் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நீண்ட படிவத்தை நிரப்பச் சொல்லித் தொடங்காதீர்கள்.

பிறகு கேளுங்கள். நாற்பத்தைந்து வயதுள்ள ஒருவர், "அப்பா போய் எட்டு மாசம் ஆச்சு, எல்லாரும் நான் தைரியமா இருக்கேன்னு சொல்றாங்க" என்கிறார் எனக் கொள்வோம். "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" என்றால் அவர் தலையசைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். "உள்ளுக்குள்ள இருக்கறது யாருக்கும் தெரியலையேன்னு இருக்கா?" என்று, தவறானால் அவர் திருத்தும்படி, தயக்கத்தோடு கேட்டுப் பாருங்கள். "இல்ல, தெரியக்கூடாதுன்னுதான் நான் பாத்துக்கறேன்" என்று அவர் மறுத்தால், உங்கள் ஊகம் பிழையானது என்று வருந்த வேண்டாம். தாம் மறைத்துக் காத்துவந்த ஒன்றை அவர் இப்போது தம் சொல்லிலேயே எடுத்து வைத்திருக்கிறார். அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு, அடுத்த கேள்வியை உடனே கேட்காமல் சற்று மௌனமாக இருங்கள்.

"நீங்க படிச்சவங்க, என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க" என்ற வேண்டுகோள் நிச்சயம் வரும். "முடிவு உங்களுடையது" என்று திருப்பி அனுப்புவது நபர்மைய முறை ஆகாது. அவருக்கு அது கைவிடுதலாகவே படும். யோசித்து யோசித்துக் களைத்திருக்கிறார், யாரேனும் இந்தச் சுமையை இறக்கி வைக்க மாட்டார்களா என்று ஏங்குகிறார் என்பதை முதலில் அவருக்கு உணர்த்துங்கள். மணவாழ்வைத் தொடர்வதா, வேலையை விடுவதா போன்றவற்றில் உங்கள் தீர்ப்பை அடக்கிக்கொள்ளுங்கள். சட்டம், மருத்துவம், உதவி மையம் பற்றிய தகவல்களை மட்டும் ஒளிக்காமல் நேராகச் சொல்லுங்கள். தற்கொலை எண்ணம் இருப்பதாகத் தோன்றினால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். ஆபத்து அதிகமென்றால் மனநல மருத்துவரிடம் உடனே சேர்ப்பியுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் டெலி மனஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம்.

அறையில் உங்களுக்கும் அவருக்கும் இடையே நடப்பதும் பேசவேண்டிய பொருளே. கடினமான ஓர் அமர்வுக்குப் பின் அவர் தாமதமாக வந்தால், "போன வாரம் நான் சொன்னது உங்களைக் காயப்படுத்தியதோ?" என்று நீங்களே தொடங்குங்கள். பெரியவர்களிடம் குறை சொல்லிப் பழகாத பலருக்கு, தம் மனத்தாங்கலைச் சொல்லியும் உறவு முறியாமல் நிற்பதைக் காண்பது அதுவே முதல் முறையாக இருக்கக்கூடும். உள்ளும் புறமும் ஒத்திருத்தல் என்றால் மனத்தில் தோன்றுவதையெல்லாம் கொட்டுவதன்று. உறவைத் தடுத்துக்கொண்டு விடாமல் நிற்கும் உணர்வை மட்டும், அது உங்களுடையது என்று ஒப்புக்கொண்டு சொல்வதாகும்.

ரோஜர்ஸ் தம் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தவர். ஒரு முழுச் சிகிச்சையின் உரையாடலைச் சொல்லுக்குச் சொல் 1942-இல் அச்சிட்டார். நீங்களும் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்யுங்கள். ஏதேனும் பத்து நிமிடத்தைக் கேட்டு, பேச்சின் திசையை ஒவ்வொரு முறையும் மாற்றியது யார் என்று குறித்துக்கொண்டு, அந்தத் தாளை உங்கள் மேற்பார்வையாளரிடம் எடுத்துச் செல்லுங்கள்.